பனிக்குள் ஒரு யோடல்

போன வருடத்துக்கு முந்திய வருடம், மாசி மாதம், ஒரு காலை நேரம். இடம், வல்வெட்டித்துறைக்கு வடக்கே, கரை கண்ணுக்குத் தெரியாத கடல். இவ்வளவையும் எழுதுவதற்குள்ளேயே என் விரல்கள் அவசரப்படுகின்றன. நான் கடல்காரன் இல்லை. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்து வரம்புகளில் ஓடித் திரிந்து வளர்ந்தவன். என் நீச்சல் கிணற்று நீச்சல். நாலு கை வீசினால் சுவர் வந்துவிட வேண்டும். சுவரே இல்லாத தண்ணீரில் நான் போய் மாட்டிக்கொண்டதற்கும், அங்கிருந்து உயிரோடு திரும்பி வந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: எப்போதோ செத்துப்போன சில அமெரிக்கப் பாட்டுக்காரர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் எனக்கு எப்படிப் பழக்கமானார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பட்டா ஓடுகிறவன். பட்டா என்று எங்கள் பக்கத்தில் சொல்வது சின்ன லொறியை. சண்டிலிப்பாயிலும் புத்தூரிலும் மரக்கறி ஏற்றிக்கொண்டு தெற்கே போவேன். திரும்பி வந்ததும் வல்வெட்டித்துறையில் மீன் ஏற்றிக்கொண்டு மறுபடி தெற்கே. ஓரிடத்தில் இருக்க முடியாத பிறவி. வீட்டில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் நெஞ்சு அடங்கும். ஒருமுறை கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் தளபாடம் ஏற்ற என் வாகனத்தைப் பிடித்தது. கூட வந்த தம்பி பாட்டு ஏற்றிய தன்னுடைய பென் டிரைவை என் ரேடியோவில் சொருகிவிட்டு, கழற்ற மறந்து இறங்கிப் போய்விட்டார். நானும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் ஆனையிறவு வெளி. இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்பும் வானமும். நடுவில் ஒரு கறுத்த றோட்டு, அதன் மேல் நான். ரேடியோவைத் தட்டினேன். கடலை வறுக்கிற சத்தம் வந்தது. கறகற, கறகற. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து அதன் தலையில் இரண்டு அடி போட்டேன். அந்தக் கறகறப்புக்குள்ளிருந்து ஒரு கிற்றார் நடந்து வந்தது. அதன் பின்னால் ஒரு மனிதன். அவன் பாடவில்லை, பக்கத்து சீற்றில் உட்கார்ந்து கதைத்தான். என்ன கதைக்கிறான் என்று பாதி விளங்கவில்லை. ரயில் என்கிறான், அம்மா என்கிறான், வீடு தூரம் என்கிறான். பிறகு ஒரு வரியின் முடிவில் அவனுடைய குரல் உடைந்தது!

உடைந்தது என்றால், நெஞ்சில் இருந்த குரல் படியில் கால் வைக்காமல் ஒரே தாவலில் உச்சிக்கு ஏறிவிட்டது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, அணில் மாதிரி. நான் வாகனத்தை ஓரம் கட்டினேன். உடம்பெல்லாம் புல்லரித்து நின்றது. நாங்கள் பாட்டுப் படிக்கும்போது எந்த இடத்தில் குரல் உடைந்துவிடும் என்று பயந்து பயந்து மறைப்போமோ, அதே இடத்தை இந்த மனிதன் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறானே! தொண்டையில் இருக்கிற அந்த வெடிப்பையே ஒரு வாத்தியமாக்கிக்கொண்டு விளையாடுகிறானே!

பென்னின் சொந்தக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்தார். “அது பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு அண்ணை. இசைத்தட்டு வந்த புதுசிலை பாடின ஆக்கள். உந்தத் தொண்டை வித்தைக்குப் பேர் யோடல். நீங்களே வைச்சுக் கேளுங்கோ” என்றார்.

வைத்துக் கேட்டேன். கேட்டேன் என்றால், மாதக்கணக்காக வேறொன்றுமே கேட்கவில்லை. பென்னில் பாடகர்களின் பெயர் கிடையாது, வெறும் இலக்கங்கள்தான். அதனால் நானே பெயர் வைத்தேன். முதல் ஆள் ‘ரயில்காரர்’. அவருடைய யோடல் தூரத்தில் போகிற ரயிலின் கூவல் மாதிரியே இருக்கும். இன்னொருவர் ‘இருமல்காரர்’, ஒரு பாட்டின் நடுவே மெல்ல இருமுவார், அதை அழிக்காமல் அப்படியே தட்டில் பதிந்து விட்டிருக்கிறார்கள், பாவம். எல்லாரிலும் எனக்குப் பிடித்தவள் ‘சிரிப்புக்காரி’. அவள் யோடல் செய்தால் மலையுச்சியில் நின்று யாருக்கோ கையசைக்கிற மாதிரி இருக்கும். கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு மூச்சு விடுவாள். இவர்கள் முகம் எனக்குத் தெரியாது. வயலில் நின்றார்களோ, மாடு மேய்த்தார்களோ, ரயிலில் கரி அள்ளினார்களோ, அதுவும் தெரியாது. ஆனால் முறிகண்டி தாண்டிய இருட்டுக் காட்டில் எனக்குத் துணைக்கு இருந்தவர்கள் அவர்கள்தான்.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நானும் பழகினேன். அவர்கள் ‘யோடலே... ஈ’ என்பதை என் வாய் ‘ஓடேலே... ஈ’ என்றுதான் சொல்லும். யகரம் தொண்டையிலேயே தங்கிவிடும். ஒரு பின்னேரம், எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று, ஆள் இல்லை என்று நம்பி, முழுத் தொண்டையையும் திறந்தேன். அடுத்த நிமிடம் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கயிறும் வாளியுமாக ஓடி வருகிறார்கள்!

“ஆர் விழுந்தது? ஆர் விழுந்தது?” என்று கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.

நான் விழவில்லை, பாட்டுப் படித்தேன் என்று சொன்னபோது அவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! என் மனைவிக்கு வெட்கம் தாங்கவில்லை. “இனி உந்தச் சத்தம் வளவுக்குள்ளை கேட்டால் நான் அம்மா வீட்டை போயிடுவன்” என்றாள். அன்றிலிருந்து கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் மட்டும்தான் என் யோடல்.

வல்வெட்டித்துறையில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான். மீன் ஏற்றப் போய்ப் பழக்கமானவன், என் வயதுதான். கண்ணாடியிழை வள்ளம் ஒன்று வைத்து, ஒரு பங்காளியோடு தொழிலுக்குப் போகிறவன். வாகனத்தில் பாட்டுக் கேட்டால் தூரத்திலிருந்தே கத்துவான். “எடேய், உந்த நரி ஊளையை நிப்பாட்டு! மீன் பழுதாப் போகும்!”

அந்த மாசிக் காலையில் விடிவதற்கு முன்னமே நான் கரையில் வாகனத்தை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். கூட்டாளி தனியே வள்ளத்தடியில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். பங்காளிக்குக் காய்ச்சல், எழும்பவே முடியவில்லையாம். முதல் நாள் பின்னேரம் விட்ட வலை கடலில் கிடக்கிறது. பெரிய இழுவைப்படகுகள் வருகிற நாள் அது. அவற்றை எங்கள் ஆட்கள் றோலர் என்பார்கள். அவை ஒரு தடவை அந்தப் பக்கம் போனால் வலை நாராகிவிடும்.

“நான் வாறன்” என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

“நீயோ? நீ ஏறினால் வள்ளம் சத்தி எடுக்கும்.” வாந்தியைத்தான் சத்தி என்றான்.

“நான் இழுக்கிறன், நீ ஓட்டு. மரக்கறி மூட்டை தூக்கிற கை மச்சான் இது.”

அவனுக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஏறினேன்.

வள்ளம் கரையை உதைத்துவிட்டுக் கிளம்பியபோது எனக்குள் ஒரு குதிரை எழும்பியது. தண்ணீர் இரண்டாகப் பிளந்து வெள்ளையாகப் போகிறது. கிழக்கு மெல்லச் சிவக்கிறது. பின்னால் ஊர் ஒரு கோடாகி, கோயில் கோபுரம் ஒரு விரலாகி, அந்த விரலும் மடங்கிவிட்டது. பென்னில் இருந்த பாட்டுகளைப் போனிலும் ஏற்றி வைத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்த அந்தப் போனில் ரயில்காரரைப் போட்டேன். சண்டிலிப்பாயிலிருந்து வரும்போதும் அதே போனில்தான் அவரும் மற்றவர்களும் பாடிக்கொண்டு வந்தார்கள். கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டான். நடுக்கடலில் இந்தப் பாட்டிலிருந்து எப்படித் தப்பி ஓடுவது என்பது அவன் கவலை. தப்பி ஓட அவனுக்கு இடமே இல்லை என்பது என் சந்தோஷம். உரக்க வைத்தேன்.

வலையில் பாதிக்கு மேல் ஏற்றியிருப்போம். என் கை எரிந்தது, முதுகு எரிந்தது, ஆனாலும் வலைக் கண்ணிகளில் வெள்ளி வெள்ளியாக மீன் துடித்து வரும்போது எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. அப்போதுதான் கூட்டாளி நிமிர்ந்தான்.

“மச்சான், அங்கை பார்.”

பனி வந்துகொண்டிருந்தது. தரையில் நான் பார்த்த பனி வயலின் மேல் படுத்திருக்கும். இது எழும்பி நடந்து வந்தது. வெள்ளைச் சுவர். சூரியன் இருந்த இடம் ஒரு மங்கல் வட்டமாகி, வட்டமும் போனது. கொஞ்ச நேரத்தில் வள்ளத்தின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. பின்னால் நிற்கிற கூட்டாளி ஒரு நிழல்.

“வலையை விடு. போவம்” என்றான். குரல் மாறியிருந்தது.

எஞ்சின் கயிற்றை இழுத்தான். உறுமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தான். உறுமக்கூட இல்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தான், ஊதினான், பூட்டினான், இழுத்தான். மண்ணெண்ணெயைக் கையில் ஊற்றிப் பார்த்தான். உள்ளங்கையில் எண்ணெய்க்கு நடுவே ஒரு முத்து உருண்டது. தண்ணீர்.

“ஓடேல்லை மச்சான்” என்றான். “மண்ணெண்ணெயிலை தண்ணி கலந்திருக்கு. இது இனி ஓடாது.”

“போன் எடுத்துச் சொல்லுவம்.”

“என்ரை போனும் ஜீபீஎஸ்ஸும் பங்காளியின்ரை பையிலை. அவன்தான் எப்பவும் கொண்டு வாறவன். உன்ரையை எடு.”

எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி. அமத்தினேன், இன்னும் அமத்தினேன். பற்றரியைப் பாட்டுக்காரர்கள் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டார்கள்.

கூட்டாளி போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “நல்லது. உன்ரை நரியள் எங்களையும் திண்டிட்டுதுகள்” என்றான். அதற்குமேல் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

நங்கூரத்தைப் போட்டான். நீரோட்டத்தில் எங்கேயோ இழுபட்டுப் போவதைவிட இது நல்லதாம். “பனி கலையும் வரைக்கும் இருப்பம். ஒண்டே ஒண்டுதான் பயம்” என்றான். என்ன என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் காலுக்குக் கீழே வள்ளத்தின் அடிப்பலகை மெல்ல அதிரத் தொடங்கியது.

டும். டும். டும். காதால் கேட்பதற்கு முன்னால் பாதத்தால் கேட்டேன். பிறகு காது. பிறகு மூக்கு, டீசல் வாடை பனியோடு கலந்து வந்தது. எந்தப் பக்கம்? எல்லாப் பக்கமும். கூட்டாளி ஒரு வெறும் எண்ணெய்க் கானை எடுத்து வள்ளத்தில் அடித்தான். இரண்டு பேரும் கத்தினோம். றோலரில் இருப்பவனுக்குத் தன் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு எது கேட்கப் போகிறது? தண்ணீர் திடீரென்று எங்களைத் தூக்கிப் போட்டது. நான் மீனின் மேல் விழுந்தேன். சத்தம் பெருத்து, எங்களைத் தடவிக்கொண்டு போவது போல் போய், மெலிந்தது. எதையும் பார்க்கவில்லை. அதுதான் கொடுமை.

கூட்டாளி வலையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “மச்சான், எனக்கு ரெண்டு பெட்டையள்” என்றான். இரண்டு மகள்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் சண்டிலிப்பாயில் ஒருத்தி, அம்மா வீட்டுக்குப் போகாமல், இரவுக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு இருப்பாள்.

எவ்வளவு நேரம் போனதோ. பிறகு இன்னொரு சத்தம். இது மெலிசு, கீச்சு. கூட்டாளி துள்ளி எழும்பினான்.

“இது எங்கடை ஆக்கள்! சின்ன எஞ்சின்!”

அந்தச் சத்தம் எங்கோ ஒரு பக்கம் வந்து நின்றது. எஞ்சினை நிறுத்தி வலை எடுக்கிறார்கள் என்றான். அப்படியென்றால் காது திறந்திருக்கிறது! கத்தினோம். “எஞ்சின் நிண்டு போச்சு! இஞ்சாலை வாங்கோ!” கூட்டாளியின் குரல் நல்ல கனம், சந்தையில் நின்றால் சங்கு மாதிரி. பனி அதை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. திரும்பத் திரும்பக் கத்தி அவன் தொண்டை கட்டிவிட்டது. காற்று மட்டும் வந்தது. பாதத்தின் கீழ் அந்த அதிர்வு மறுபடி தொடங்கியது. டும். டும். றோலர் திரும்பி வருகிறது. வந்த வழியே இழுத்துக்கொண்டு வருகிறது.

கூட்டாளி என் சட்டையைப் பிடித்தான். “நீ கத்து” என்று மூச்சால் சொன்னான். “உன்ரை ஊளையைப் போடு. விசரா, போடு!”

எழும்பி நின்றேன். முதலில் ரயில்காரரை நினைத்தேன். தொண்டை வறண்டு கிடந்தது. ரயில் ஸ்டேஷனை விட்டே கிளம்பவில்லை. இருமல்தான் வந்தது. அவருடையதும் இல்லை, என்னுடையது. அப்போது அவள் ஞாபகம் வந்தாள். சிரிப்புக்காரி. அவளுடைய உயரத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை. பெண் குரலில் பாட வெட்கம். கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள்கூட வெட்கம். இந்த வெள்ளைச் சுவருக்குள் யாருக்கு வெட்கப்படுவது? மலையுச்சியில் அவள் நிற்கிறாள், தூரத்தில் யாருக்கோ கையசைக்கிறாள். நெஞ்சை நிரப்பினேன். கீழே தொடங்கி, உடைய வேண்டிய இடத்தில் தொண்டையை முழுதாக உடைய விட்டேன்.

“ஓடேலே... ஈஈஈ...! ஓடேலே... ஈஈஈ...!”

அது என் குரல் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. கத்தியைப் போலப் போனது. பனியைக் கிழித்துக்கொண்டு போன பாதை கண்ணுக்குத் தெரிந்தது போல் இருந்தது. நிறுத்தினேன். கேட்டோம். ஒன்றுமில்லை. பிறகு, மிக மெல்லிசாக, வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல்:

“ஏன்... ஓடேல்லை...?”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எதிரொலியா? கடலில் எதிரொலி வருமா? எதிரொலி கேள்வி கேட்குமா?

கூட்டாளிக்குத்தான் முதலில் விளங்கியது. அவன் கண் இரண்டும் பெருத்துவிட்டன. ‘ஓடேல்லை’ என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் ஓடவில்லை. எங்கள் எஞ்சின் ஓடவில்லை! நான் பாடின அர்த்தமில்லாத அமெரிக்கச் சத்தம் அங்கே தமிழாகப் போய் விழுந்திருக்கிறது. வலை இழுத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு மனிதன், யாருடையதோ எஞ்சின் ஓடவில்லையாம் என்று கேட்டு, ஏன் ஓடவில்லை என்று அக்கறையாக விசாரிக்கிறான்!

“மண்ணெண்ணெயிலை தண்ணி எண்டு சொல்லு!” என்று கூட்டாளி என்னை உலுக்கினான். உயிர் போகிற நேரத்திலும் அவனுக்குப் பழுது என்ன என்று சரியாகச் சொல்லியாக வேண்டும். சாதாரணக் குரலில் சொன்னால் கேட்காது. ஆகவே உலகத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன்.

“மண்ணெண்ணெயிலை... தண்ணீ... ஈஈஈ...!”

“விளங்குது! கத்திக்கொண்டிரு! வாறம்!”

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு குதிக்கிறது. அவர்கள் எஞ்சினைப் போட்டால் என் குரல் அவர்களுக்குக் கேட்காது. அதனால் கொஞ்சம் ஓடுவார்கள், நிறுத்துவார்கள், காது கொடுப்பார்கள். அந்த நிறுத்தத்துக்குள் நான் யோடல் போட வேண்டும். போட்டதும் மறுபடி ஓடுவார்கள். சத்தம் ஒருமுறை வலப்பக்கம் விலகியது. நான் உயிரை விட்டுக் கத்தினேன், திரும்பினார்கள். இன்னொரு பக்கத்தில் டும் டும் பெருத்துக்கொண்டு வந்தது. ஒரு கட்டத்தில் அது என் குரலையே மூடிவிட்டது. என் தொண்டையில் இரத்தச் சுவை. கம்மிக் கம்மிக் கரகரத்தது குரல், அந்தப் பழைய இசைத்தட்டு மாதிரியே. ஆனால் உச்சியில் உடைகிற அந்த ஒரு சத்தம் மட்டும் கடைசி வரை என்னைக் கைவிடவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு வள்ளத்தின் நீல மூக்கு வந்தது. அதில் இரண்டு பேர். முன்னால் நின்ற நரைமீசை அண்ணை கயிற்றை எறிந்தார்.

“பிடியடா! நங்கூரத்தை வெட்டு! வலையை விடு!”

கூட்டாளி ஒரு விநாடி வலையைப் பார்த்தான். பிறகு கத்தியை எடுத்து நங்கூரக் கயிற்றையும் வெட்டினான், கடலில் கிடந்த மிச்ச வலையின் கயிற்றையும் வெட்டினான். வள்ளம் குலுங்கி இழுபட்டது. நான் பின்பக்கம் பார்த்தபடி விழுந்து கிடந்தேன். அதனால்தான் பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்தில் பனி கறுத்தது. கறுத்து, உயர்ந்து, ஒரு வீட்டுச் சுவரளவு இரும்பு மூக்காகி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எங்கள் வலையின் மேலேயே போனது. மேலே ஒரு விளக்கு. ஆள் யாரும் தெரியவில்லை. பிறகு மறுபடி வெள்ளை.

கூட்டாளி போன வலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் அழுவதற்கும் சிரிப்பதற்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது.

பனி இளகி, கோபுரம் மறுபடி ஒரு விரலாக எழும்பிய பிறகுதான் நரைமீசை அண்ணை வாயைத் திறந்தார்.

“ஆர் கத்தினது? உங்களோடை ஒரு பொம்பிளையும் கடலுக்கு வந்திட்டாவோ எண்டு நினைச்சம்.”

கூட்டாளி என்னைச் சுட்டினான். அவனுக்குக் குரல் இல்லை.

“நீரோ தம்பி! முதல் ஏதோ சத்தம் கேட்டதுதான். ஆரோ வலை இழுக்கிற ஆக்கள் சண்டை பிடிக்கினம் எண்டு விட்டிட்டம். பேந்து ‘ஓடேல்லை, ஓடேல்லை’ எண்டு கீச்சிட்டுக் கேட்டுது பாரும், அதுதான் எஞ்சினை நிப்பாட்டி வைச்சுக்கொண்டே கேட்டனாங்கள். என்ன எண்டாலும் ஓடேல்லை எண்டதை உப்பிடி இழுத்துச் சொன்ன மனுசனை நான் காணேல்லை.”

“அண்ணை, நான் ஓடேல்லை எண்டு சொல்லேல்லை. அது யோடல்” என்றேன், கம்மிய குரலில்.

“ஓம் ஓம்” என்றார் அவர் பொறுமையாக. “அதைத்தானே நானும் சொல்லுறன். ஓடேல்லை.”

நீல வள்ளத்து மற்ற ஆள் போனில் சொல்லிவிட்டதால், கரையில் அதற்கிடையில் கதை பரவிவிட்டது. காய்ச்சல்காரப் பங்காளி போர்வையோடு வந்து நின்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். போன், ஜீபீஎஸ் எல்லாம் அதற்குள்ளேயே. எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தோம், அவனும் நடுங்கிக்கொண்டே சிரித்தான். யாரோ தேத்தண்ணி கொண்டு வந்தார்கள். சீனி போதாத தேத்தண்ணி. அதைவிட இனிப்பாக நான் இதுவரை ஒன்றும் குடித்ததில்லை. கூட்டாளியின் இரண்டு பெட்டைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஓடி வந்து தகப்பனின் ஈரச் சட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சின்னவள் என்னைப் பார்த்து, “மாமா, அதை ஒருக்கால் கத்திக் காட்டுங்கோ” என்றாள். கத்தினேன். தொண்டை போயிருந்தது, ஏதோ கோழிக்குஞ்சுச் சத்தம் வந்தது. கரையே விழுந்து விழுந்து சிரித்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைக்க ஒரு காலை போதும். அன்றிலிருந்து வல்வெட்டித்துறையில் என் பெயர் ஓடேல்லை. “ஓடேல்லையின்ரை பட்டா வந்திட்டுது, மீனைக் கொண்டாங்கோ!” என்று கூவுவார்கள். புதிதாக மீன் ஏற்றச் சொல்ல வருகிற ஆட்கள் பயந்துபோய், “அண்ணை, உங்கடை வாகனம் உண்மையிலையே ஓடுமோ?” என்று கேட்பார்கள். நான் பதிலுக்கு ஒரு யோடல் போட்டுக் காட்டுவேன். இப்போது கண்ணாடியை ஏற்றுவதில்லை. என் மனைவியும் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. கிணற்றடியில் நான் தொடங்கினால், சமையல் அறைக்குள்ளிருந்து “என்ன, இண்டைக்கும் ஓடேல்லையோ?” என்று மட்டும் கேட்பாள்.

கூட்டாளி இன்றைக்கும் அந்தப் பாட்டுகளைப் பாட்டு என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாகனத்தில் ஏறினால் தானாகவே ரேடியோவைத் தட்டி, “அந்தப் பெட்டை பாடினதைப் போடு” என்பான். சிரிப்புக்காரி கடைசியில் சிரிப்பை அடக்க மாட்டாமல் மூச்சு விடுகிற இடத்தில் இவனும் ஒரு மூச்சு விடுவான். நான் பார்க்காத மாதிரி றோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன்.

ஆனையிறவு வெளியில் அவள் பாடும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான்: எந்த நாட்டிலோ, எந்தக் காலத்திலோ, கறகறக்கிற ஒரு தட்டின் முன்னால் நின்று அர்த்தம் எதுவும் இல்லாத ஒரு சத்தத்தை அவள் சிரித்துக்கொண்டே விட்டாள், அது இத்தனை வருடம் அலைந்து திரிந்து, எங்கள் கடலில், எங்கள் பேச்சில், இரண்டு பேருக்குத் தேவையாயிருந்த அந்த ஒரேயொரு உண்மைச் சொல்லாகப் போய் விழுந்தது.